தூண் வராத இடம்

அடுப்படி வரையும் மென்பொருளுக்குள் ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்கு முகம் கிடையாது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், ஒரு கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். மேடை எவ்வளவு உயரம் வேண்டும், மேல் அலமாரி எட்டுமா எட்டாதா என்று பார்ப்பதற்காக அவனை எங்கே வேண்டுமானாலும் தூக்கி நிறுத்தலாம். எங்கள் குடும்பத்தில் அந்த உயரத்துக்கு ஒருவரும் இல்லை. பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே அவன் ஒருநாளும் அடுப்பு பற்ற வைத்தவன் இல்லை என்று தெரிந்துவிடும்.

கோரிப்பாளையத்தில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கும் கடையில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலில் அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மாவை வைத்தேன்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குத் தன் பேரை எழுதத் தெரியும், அதோடு சரி. படித்த படிப்புக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு அதிகம். ஆகவே உத்தேசமாக வரைய மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை நிலைக்கதவோரம் நிற்க வைத்தேன். தலை உயரம், தோள் உயரம், முழங்கை உயரம், கையைத் தூக்கினால் எட்டும் உயரம் எல்லாவற்றையும் எடுத்தேன்.

"பொணத்துக்கு அளவெடுக்குற மாதிரி எடுக்குறியேடா" என்று அம்மா சிரித்தாள்.

பிறகு செல்போனில் படத்தைக் காட்டினேன். யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில், பளபளவென்றிருக்கும் மேடைக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் சேலை கட்டிய சின்ன உருவம்.

"இம்புட்டுக் குட்டையாவாடா இருக்கேன்?"

"டேப்பு பொய் சொல்லாதும்மா."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ குடுத்து வச்சவ. நின்னுக்கிட்டே வேலைய முடிச்சுட்டுப் போயிருவா போல" என்றாள். நானும் சிரித்தேன்.

அந்த மென்பொருளில் இன்னொரு குறையும் இருந்தது. மேடை மேல் வைப்பதற்குப் பச்சை ஆப்பிள் நிறைந்த கிண்ணம் இருக்கும், ஒயின் பாட்டில் இருக்கும், குவளையில் பூ இருக்கும். கிரைண்டர் இருக்காது. தண்ணீர்க் கேன் இருக்காது. குடம், அரிசி டிரம், இட்லிக் கொப்பரை, காலி சிலிண்டர் எதுவும் இருக்காது. ஒவ்வொன்றாக அளந்து வரைந்து சேர்த்தேன். குடத்துக்கு வாய் அகலம், வயிற்று அகலம் இரண்டையும் எடுத்தேன். கிரைண்டரைச் சாய்த்து மாவு வழிக்க ஆள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கோரிப்பாளையத்துக்காரர். யாரையும் மாப்ள என்றுதான் அழைப்பார். என் படங்களைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"மாப்ள, கஸ்டமருக்கு நாம கனவு விக்கிறோம். நீ என்னடான்னா தண்ணிக் கேனைக் கொண்டாந்து நடுவுல வைக்கிற."

"கேன் இருக்கும்ல பாய் வீட்டுல?"

"இருக்கும். அது அவங்க வீட்டுல இருக்கட்டும். படத்துல எதுக்கு? அந்த ஃப்ரிட்ஜையும் லேசா சுருக்கி விடு. அடுப்படி பெருசாத் தெரியும்ல."

"படத்துல சுருக்கலாம் பாய். கடையில அந்த அளவுல ஃப்ரிட்ஜ் விக்க மாட்டாங்க. கதவைத் தொறந்தா மேடையில இடிக்கும்."

"இவனைப் படிக்க வச்சது யாருப்பா?" என்று கடையையே பார்த்துக் கேட்பார். ஆனால் என் படத்தில் கை வைக்க மாட்டார். இடிக்கிறது, தட்டுகிறது என்று எந்த வாடிக்கையாளரும் திரும்பி வந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இதெல்லாம் நடந்தது அம்மா இருந்தபோது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று, கம்ப்யூட்டரைப் போட்டு, பாதியில் விட்டிருந்த படத்தைத் திறந்தேன். ஒரு வக்கீல் வீட்டு அடுப்படி. அதில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், நான் நிறுத்தி வைத்திருந்த இடத்திலேயே. சிங்க்கைப் பார்த்தபடி.

அழிக்க முடியவில்லை. மாற்றி வைக்கவும் மனம் ஒப்பவில்லை. அதற்குப் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு அடுப்படியிலும் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். அண்ணாநகரில், கே.கே. நகரில், மதுரையின் ஏதேதோ தெருக்களில். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது.

*

எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அழகர்கோவில் சாலையில் கடச்சனேந்தலைத் தாண்டி உள்ளே போனால், பழைய வயல்களைப் பிளாட் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு மனை. அதை வாங்கிய அன்று அம்மாவும் வந்து பார்த்தாள். தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அடுப்படி எங்கிட்டு வரும்?" என்று அதை மட்டும் கேட்டாள்.

அஸ்திவாரம் போட்டபோது இருந்தாள். சுவர் எழும்பியபோது இல்லை.

தளம் போட்டு முடித்த வாரம் அப்பா சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"வீடு முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கிட்டே இருந்துக்கிறேன்."

எங்கள் வாடகை வீடு செல்லூரில், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லைன் வீடுகளில் ஒன்று. தங்கச்சி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குப் பிறகு சமையல் அவள் பாடு. சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னப்பா பேசுறீங்க? ஒத்தையில இங்க என்ன செய்வீங்க?"

"மார்க்கெட்டுக்கு இங்கிட்டிருந்து போறதுதான் தோது."

"அங்கிட்டிருந்தும் பஸ்ஸு இருக்கு."

"சோறு பொங்கிக்கிருவேன்த்தா. எனக்கென்ன?"

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அப்பா ஒன்றை முடிவு செய்துவிட்டால் தலையில் மூட்டை ஏறிவிட்ட மாதிரி. இறக்கும் இடம் வரும்வரை பேச மாட்டார்.

அவர் ஏன் வர மறுக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

செல்லூர் வீட்டு அடுப்படி மிகவும் ஒடுக்கம். ஒரு பக்கம் சிமென்ட் மேடை, எதிர்ப்பக்கம் வெறும் சுவர், நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம். பின்னால் பாத்திரம் கழுவும் அங்கணம். அந்த மேடையை எந்தக் காலத்திலோ எந்த ஆளையோ நினைத்துக் கட்டியிருக்கிறார்கள், அது அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். அடுப்பில் வேலை என்றால் பலகை போட்டு ஏறி நிற்பாள். மற்ற வேலையெல்லாம் தரையில்தான். அரிவாள்மணையைப் போட்டு, ஒரு காலை மடித்து அதன் கட்டை மேல் வைத்து, இன்னொரு காலை எதிர்ச்சுவரைப் பார்க்க நீட்டி உட்காருவாள். அப்படியே காய் நறுக்குவாள், தேங்காய் துருவுவாள், அரிசி புடைப்பாள்.

அங்கணத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த நீட்டிய காலைக் கடந்துதான் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டக் கூடாது என்பதால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் பாதத்துக்கும் சுவருக்கும் நடுவே கால் வைத்துப் போவோம். அவசரத்தில் தாண்டிவிட்டால் விட மாட்டாள்.

"திரும்பத் தாண்டுடா."

போன காலை அப்படியே பின்னால் எடுத்து வைத்து, மறுபடி சுவரோரமாகப் போக வேண்டும். வளர்ந்து ஆளான பிறகும் அதுதான். அப்பாவுக்கும் அதுதான். மூட்டை தூக்கும் அகலத் தோள் அவருக்கு. வருஷக்கணக்காக அது உரசி உரசி, எதிர்ச்சுவரின் வெள்ளையில் தோள் உயரத்துக்கு ஒரு கருப்புக் கோடு விழுந்திருந்தது.

அம்மா போன பிறகும் அந்தக் கோடு கருத்துக்கொண்டே போனது.

நாங்கள் இன்னும் ஒதுங்கியே போகிறோம் என்பதை முதலில் கவனித்தது ஒரு காலை நேரத்தில். தங்கச்சி உலைப்பானையை வடிக்க எடுத்துக்கொண்டு அங்கணத்துக்குப் போனாள். நடுவில் வந்ததும் வெறுந்தரையில் காலை உயர்த்தி எதையோ தாண்டினாள். தாண்டியவள் நின்றாள். கையில் கொதிக்கிற பானை. மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்து வைத்து, சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போய் வடித்தாள். திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

அப்பாவும் அப்படித்தான். அந்த இடத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை. காய்கறிக் கூடை வைக்க இடமில்லாமல் நடு வீட்டில் கிடக்கும், ஆனால் அங்கே வைக்க மாட்டோம். பெருக்கும்போது தங்கச்சி அந்த இடத்தைச் சுற்றி வந்து, கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டி அள்ளுவாள். அப்பா தன் பங்குக்கு வெங்காயம் உரிப்பதென்றால் அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உரிப்பார்.

அந்த இடத்தை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

*

நான் ஒரு வீட்டுக்கு அடுப்படி வரைவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு குழம்பு கொதித்து இறங்கும்வரை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். சமைப்பவர் எங்கிருந்து எங்கே போகிறார், எத்தனை தரம் திரும்புகிறார், எங்கே குனிகிறார் என்று ஒரு தாளில் கோடு போடுவேன். அடுப்படியின் அளவு சுவரில் இல்லை, ஆள் நடப்பதில் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு மறந்துபோய்ச் சமைப்பார்கள். சிலர் எனக்கும் சேர்த்து இலை போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அதே முறையில்தான் செய்தேன்.

"என்னண்ணே, சிசிடிவி மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் தங்கச்சி.

"நீ பாட்டுக்குச் செய்."

"இப்டிப் பாத்தா உப்பு மறந்துரும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

அவள் புளிக்குழம்பு வைத்தாள். நான் கோடு போட்டேன். அப்பா இடையில் வந்து கை கழுவிவிட்டுப் போனார், அவருக்கும் கோடு போட்டேன். அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு, புது வீட்டின் எட்டுக்குப் பத்து அடுப்படியைக் கடையில் உட்கார்ந்து வரைந்தேன். இடது சுவரில் நீள மேடை, அதன் கோடியில் சிங்க். வலது சுவரில் வாசலோரம் ஃப்ரிட்ஜ், அடுத்து கிரைண்டருக்கும் கேனுக்கும் இடம். எல்லாம் உண்மையான அளவில்.

பாய் பின்னால் வந்து நின்றார். என் வீட்டுப் படம் என்பதால் கிண்டல் செய்யாமல் பார்த்தார். பிறகு வலது சுவர்ப் பக்கம் விரலை வைத்தார்.

"ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவுல இது என்ன மாப்ள? தூண் வருதா?"

"இல்லையே பாய்."

"அப்பறம் எதுக்கு இம்புட்டு இடத்த விட்டிருக்க? ரேக் போடலாமே."

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி நீளம். அங்கே எதையும் நான் வரையவில்லை. அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் வரைந்திருந்தேன். கிரைண்டர் அதற்காக ஒதுங்கியிருந்தது. ஃப்ரிட்ஜ் வாசலை நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி ஒரு பெண் உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. பாதம் நடைபாதைக்குள் கொஞ்சம் நீண்டிருக்கும், அதற்கும் இடம் விட்டிருந்தேன்.

கை மவுஸ் மேலேயே இருந்தது. இடது சுவர்ப் பக்கம், நான் வைத்திருந்த சாம்பல் உருவம் மேடையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

பாய்க்கு என் முகத்தைப் பார்த்துப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க அத்தா மௌத்தாகி எம்புட்டு நாளாச்சு. அவரு சாய்வு நாற்காலிய என் தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துட்டோம். இன்னமும் அந்த மூலைப் பக்கம் போனா வீட்டுல எல்லாரும் டிவி சத்தத்தக் கொறைப்போம்" என்றார். பிறகு எழுந்து, "ரேக் வேணாம். விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது தோன்றியது. இந்த இடத்தை இப்படியே விட்டுவிட்டால் என்ன? அம்மா உட்கார அங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அப்பா வருவார். தெரியாமல் விழுந்த இடைவெளியைத் தெரிந்தே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மறுநாள் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். அதற்குள், நானே வரைந்து, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை வைத்தேன்.

*

மேடைக்குக் கடப்பாக் கல் அறுக்கச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. கல்லை அறுத்துவிட்டால் பிறகு உயரம் அகலம் எதையும் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்கப்பா, பெறகு உங்க இஷ்டம்" என்று கெஞ்சி அப்பாவைக் கூட்டிப்போனோம்.

நான் முன்னதாகவே போய் வேலையை முடித்து வைத்திருந்தேன். பூசாத செங்கல் சுவர், வெறும் சிமென்ட் தரை. அதில் முழு அளவில் சாக்பீஸால் அடுப்படியை வரைந்திருந்தேன். படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு, தரையில் வரைந்து அதற்குள் நடக்க விட்டால் ஏமாற வழியில்லை. மேடைக்கு ஒரு நீளப் பட்டை. சிங்க்குக்கு ஒரு சதுரம். ஃப்ரிட்ஜுக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டியை நிறுத்தியிருந்தேன். வலது சுவரோரம் அந்த இடத்துக்கும் கோடு போட்டிருந்தேன். உள்ளே ஒன்றும் வரையவில்லை.

தங்கச்சிக்கு ஒரே உற்சாகம். சாக்பீஸ் மேடைக்கு முன்னால் நின்று இல்லாத அடுப்பைப் பற்ற வைத்தாள், இல்லாத கடுகைப் போட்டாள், "டப்பு டப்பு" என்று வெடிக்க விட்டாள்.

"உயரம் எம்புட்டுண்ணே வரும்? எனக்குக் குனியாம இருக்கணும். இந்த வயசுலேயே இடுப்பு போயிரும்."

"முப்பத்து நாலு அங்குலம். உனக்குச் சரியா இருக்கும்."

"அப்பா, வாங்க, வந்து கையக் கழுவுங்க. பைப்புல தண்ணி வருதான்னு பாப்போம்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே தளத்தைப் பார்த்தார். பிறகு, மகள் கூப்பிட்டாளே என்று, சிங்க் பக்கம் நடந்தார். நடுவில் மூன்றடிக்கு வழி கிடந்தது. அவர் அந்த வழியில் வரவில்லை. இடது பக்கம் ஒதுங்கி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, மேடைக்குள் நுழைந்து நடந்தார்.

"அப்பா, மேடைக்குள்ள நடக்குறீங்க!" என்று தங்கச்சி சிரித்தாள். "கல்லு இடிக்கும்!"

அப்பா சிரிக்கவில்லை. கல் வரப்போகிற இடத்துக்குள்ளேயே கடைசிவரை நடந்து போய்ச் சிங்க் சதுரத்துக்கு முன்னால் நின்றார். தங்கச்சியின் சிரிப்பும் நின்றுவிட்டது. அவர் எதைச் சுற்றிக்கொண்டு போனார் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். அம்மா வந்துவிட்டாள், அப்பாவும் பார்த்துவிட்டார் என்று.

"அந்த எடத்துல ஒண்ணும் வைக்கலப்பா" என்றேன். "ரேக், அலமாரி எதுவும் வராது. அது அம்மாவுக்கு. செல்லூர்ல உக்காந்திருப்பாள்ல, அதே அளவு. கால நீட்டிக்கிறவும் எடம் இருக்கு. நீங்க அவள விட்டுட்டு வர வேணாம்."

அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ கலவை போடும் சத்தம் கேட்டது.

"இங்கயும் தரையிலதானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஊருல உள்ளவன் வீட்டுல எல்லாம் அவள நிக்க வச்சு வரையிறீல்ல. உங்கம்மா எங்கிட்டச் சொல்லியிருக்கா. நம்ம மகன் என்னைய எல்லா வீட்டுலயும் நிப்பாட்டிப் பாக்குறாம்னு. அவ வீட்டுல மட்டும் தரையில உக்கார வைப்பியா?"

"அப்பா, அதில்ல…"

"முட்டிய மடக்குனா நிமித்த முடியாதுடா அவளுக்கு. உக்காந்தா எந்திரிக்கச் செவுத்தப் பிடிப்பா. நீ பாத்திருக்க மாட்ட, நீங்கள்லாம் போன பெறகுதான் எந்திரிப்பா. எம்புட்டு நாளு நான் கையக் குடுத்துத் தூக்கி விட்டிருக்கேன். ஒரு மேடை வேணும், என் ஒசரத்துக்கு ஒரு மேடை வேணும்னு அதத்தான் சொல்லுவா." அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அங்கதான் இருக்கா. இன்னமும் எந்திரிக்கல. தெனமும் அவளச் சுத்திச் சுத்தித்தான் போறோம் மூணு பேரும். அப்டியே போட்டுட்டு வந்துருவேனா? சரி, கூட்டியாரலாம்னாலும் இங்க வந்து என்ன? இங்கயும் எங்க காலடியில உக்காருன்னு சொல்லவா?"

சாமான் ஒன்றும் இல்லாத அந்த அறையில் அவர் குரல் ஒட்டாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்பா அந்த இடத்துக்கு வந்தார். ஒரு கணம் நின்றார். பிறகு கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்து, நடுவில் மண்டியிட்டு, துண்டால் சாக்பீஸ் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு நாங்கள் யாரும் கால் வைக்காத இடம். அது செல்லூரில் இருக்கிறது, இது வெறும் சிமென்ட் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் உள்ளே நுழைந்தபோது தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடு முழுதாகப் போகவில்லை. வெள்ளையாக இழுவியது. அப்பா எழுந்து, இடது சுவர்ப் பக்கம் வந்து, தன் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"இம்புட்டு ஒசரம் வையி."

டேப்பை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு அங்குலம். கடை கம்ப்யூட்டரில் நிற்கும் அம்மாவின் சாம்பல் உருவத்துக்கு மேடை போட்டாலும் அதுதான் வரும்.

தங்கச்சிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அம்புட்டுத் தாழ்வா வச்சா நான் எப்டிப்பா சமைக்கிறது? கூனிப் போயிருவேன். பெறகு மாப்ள வீட்டுக்காரங்க கெழவின்னு திருப்பி அனுப்பிருவாங்க."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீ நெட்டக் கொக்கு" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அதற்கு வழி இருந்தது. மேடையையே இரண்டாக்கலாம். அடுப்பு வரும் பக்கம் தங்கச்சி உயரத்துக்கு, சிங்க்குக்கு முன்னால் காய் நறுக்கும் பக்கம் அம்மா உயரத்துக்கு. நடுவில் ஒரு படி இறங்கும். தரையில் மண்டியிட்டுச் சாக்பீஸால் அந்தப் படி வரும் இடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன்.

"அந்தத் தாழ்வான பக்கத்துல யாரு நிப்பா?" என்றாள் தங்கச்சி.

அப்பா வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வெங்காயம் வெட்டுறது என் வேலைதான?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

*

"மேடையில படி வச்சா பாக்க நல்லாருக்காது மாப்ள" என்று பாய் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவரே கல் அறுக்கும் பட்டறைக்குப் போன் போட்டு அளவைச் சொன்னார். வலது சுவரில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் வந்துவிட்டது, கேனும் வந்துவிட்டது. அங்கே இப்போது காலி இடம் இல்லை. படத்தில் நான் வரைந்து வைத்திருந்த, உட்கார்ந்திருக்கும் பெண்ணை எடுத்துவிட்டேன். நிற்கிறவளை எடுக்கவில்லை.

செல்லூர் வீட்டைக் காலி செய்த அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, அப்பா உள்ளே போனவர் வரவில்லை. கூப்பிடப் போன நான் நடுவாசலிலேயே நின்றுவிட்டேன். அடுப்படியில் அவர் சுவரோரம் நின்று, குனிந்து, வலது கையைத் தரையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மூட்டைக்குக் கை கொடுப்பதுபோல இல்லை. மெதுவாக, கனம் அறிந்து, முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தார். பிறகு திரும்பி, சுவரை உரசாமல், நடு அடுப்படியில் நேராக நடந்து வெளியே வந்தார். சுவரில் அந்தக் கருப்புக் கோடு மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் அதன் மேல் வெள்ளை அடித்திருப்பார்.

புது வீட்டில் நாங்கள் எல்லோரும் வழியில்தான் நடக்கிறோம். தங்கச்சி மட்டும் கையில் சூடாக ஏதாவது இருந்தால் நடுவில் ஒரு காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, தாழ்ந்த மேடையில் பலகையைப் போட்டு வெங்காயம் நறுக்குகிறார். அவருக்கு அது ரொம்பத் தாழ்வு. முதுகை வளைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதிலும் நடுவில் நிற்க மாட்டார். கோடிக்குப் போய், சிங்க்கில் இடுப்பு இடிக்க, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பார். தோலெல்லாம் சிங்க்குக்குள் விழும்.

"கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி நில்லுங்களேன்ப்பா. அம்புட்டு எடம் கெடக்குல்ல?" என்று தங்கச்சி தினமும் சொல்வாள்.

அப்பா திரும்பாமல், கத்தியை நிறுத்தாமல் சொல்வார்.

"இருக்கட்டும்த்தா. இடிக்கும்."